வலிக்கு முன்னால் வரும் சொற்கள்

அகேசாவின் சட்டைப்பையில் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். மேலட்டையில் 'பெயின்' என்ற சொல், அடியில் அதற்கு முன்னால் வரத்தக்க ஆங்கிலச் சொற்கள்: ஷார்ப், டல், பர்னிங். 'ஹெவி' மழைக்கு ஆகும், வலிக்கு ஆகாதாம், வலிக்கு 'சிவியர்'. சொந்தத் தீவான டோங்காவில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு வலி தெரியும். எந்தச் சொல்லை அதன் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதில்தான் இந்த நாட்டில் நர்ஸாவதற்கான ஆங்கிலப் பரீட்சை நாலு தரம் போயிற்று. ஏழு வருஷமாக ஆக்லாந்தின் இந்த முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும்தான் வேலை. முதுகு விட்டுப்போயிருந்தது.

இல்லத்தில் இருக்கும் டோங்காக் கிழவி கலிசிக்கு இடுப்பெலும்பில் புற்று. தினமும் காலையில் நர்ஸ் மாக்சின் வாசலில் நின்று வலி உண்டா என்று கேட்பாள். கிழவி இல்லை என்று தலையாட்டுவாள். படிவத்திலும் 'இல்லை' என்றே ஏறும். புரட்டிப் படுக்கவைக்கும்போது அவள் போர்வையைக் கடிப்பது அகேசாவுக்கு மட்டும்தான் தெரியும். காரணமும் தெரியும். அறைக்கு வெளியே, வாசலுக்கு முதுகைக் காட்டி, கலிசியின் தம்பி சியோசியுவா பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். உடன்பிறந்தவன் காதுபட உடம்பைப் பற்றிப் பேச எந்த டோங்காக்காரிக்கும் வாய் வராது. அவரிடம் எழுந்து போகச் சொல்லவும் முடியாது; சொன்னால் அதுவே பேசினமாதிரி.

அன்று புதன். பதினொன்றுக்கு டாக்டர் வந்துபோனால் அடுத்த புதன்தான்.

"என்ன நர்ஸம்மா, அஞ்சாவது படையெடுப்பு எப்போ?" என்றார் சியோசியுவா.

"சனிக்கிழமைண்ணே. அது கிடக்கட்டும், கூடத்துல சர்ச்காரங்க பாட வந்திருக்காங்க. கீழ்க்குரல்ல பாட ஆளே இல்லையாம்."

அவர் இந்தத் தொண்டை யாருக்கு வேணும் என்று முனகியபடி எழுந்து போனார்.

அவர் குரல் கூடத்திலிருந்து கேட்கத் தொடங்கிய பிறகுதான் கலிசி வாய் திறந்தாள்.

"எலும்புக்குள்ள யாரோ உக்காந்து தேங்கா துருவுறாங்கடி. விடியவிடிய."

அகேசா அட்டைகளைப் புரட்டினாள். துருவலுக்குச் சொல் இல்லை. 'சிவியர்', 'கான்ஸ்டன்ட்' என்று படிவத்தில் எழுதிவிட்டு, கீழே தேங்காய் வாக்கியத்தையும் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டாள். மாக்சின் இரண்டு தரம் படித்துவிட்டு அதை டாக்டரிடம் கொண்டுபோனாள்.

மதியம் புது மருந்தில் கலிசி வாய் பிளந்து தூங்கினாள். அகேசா சுவரில் சாய்ந்து நின்றாள். அட்டையை எடுக்கக்கூடக் கை எழவில்லை.

சியோசியுவா திரும்பி வந்து, அறைப்பக்கம் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தூங்குதா?"

"தூங்குறாங்கண்ணே."

"நாளைக்கும் கீழ்க்குரலுக்கு ஆள் வேணுமா?"

நாளைக்கு யாரும் பாட வரப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"வேணும்ணே," என்றாள்.