தண்ணீருக்கு அடங்காத தீ

எண்பதுகளில் பொம்மிடியில் ஒரு கடைசல் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் கடையச் சொல்லி ஓர் உருளையைக் கொடுத்தார். அதே அளவு எஃகின் எடையில் கால் பங்குகூட இல்லை. அலுமினியம் என்று நினைத்துக்கொண்டேன்.

எஃகைக் கடைந்தால் சீவி வரும் சுருள் நீலமாகிக் கீழே விழும், அவ்வளவுதான். இதன் சுருளோ கண்கூச வெள்ளையாகப் பற்றி எரிந்தது. பயத்தில் வாளித் தண்ணீரை ஊற்றினேன். தீ வெடித்து முகம்வரை எழுந்தது.

"தண்ணி ஊத்தாதீங்க, அது மெக்னீசியம் கலந்ததுங்க," என்றபடி பக்கத்துப் பட்டறை வெல்டர் ஓடிவந்து காய்ந்த மணலை அள்ளிக் கொட்டினார். தீ மெல்ல அடங்கியது.

புருவம் மட்டும் கருகியது. மறுநாள் எஃகுக் கம்பியை மாட்டிவிட்டும் சுவிட்சைப் போடத் துணிவில்லாமல் வெகுநேரம் நின்றேன்.