நாற்பத்தெட்டு சதவீதம்

கடப்பாக்கம் கடைத்தெருவில் சுராயாவைத் தெரியாதவர்கள் குறைவு. கணவன் அப்பாஸின் செல்போன் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தாள். முப்பத்தாறு வயது. கல்யாண ஆல்பம் வடிவமைப்பாள், டிரோன் விடுவாள். ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தது டிரோன்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்பை வெட்டி மனை பிரிக்கிற எல்லாருக்கும், இங்கிருந்து பார்த்தால் கடல் இவ்வளவு கிட்டத்தில் என்று வானத்திலிருந்து காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் ஸ்கூட்டியில் போய் அவள் அதை எடுத்துக் கொடுத்தாள். நடுவில் கல்பாக்கம் பக்கம் மட்டும் பையையே திறக்க மாட்டாள். அணுமின் நிலையம் இருக்கிற இடத்தில் டிரோன் கூடாது.

டிரோன் புதிதல்ல. அவள் முன்பு வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடும்போது, அதன் முதலாளி செங்கல்வராயன் மூன்று பேட்டரிகளோடு அவளிடமே விற்றுவிட்டார். விற்ற அன்று அவர் சொன்னதை அவள் ஒரு வார்த்தை விடாமல் நினைவு வைத்திருந்தாள்.

"மிஷினு கெடக்கும்மா வருசக்கணக்கா. பேட்டரிக்குத்தான் ஆயுசு கம்மி. நல்லா வச்சிக்கினா எரநூறு, எரநூத்தம்பது தபா சார்ஜு போடலாம். நெறஞ்ச வயித்தோட தூங்க வுடாத, பட்டினியாவும் தூங்க வுடாத. வேல இல்லாத நாள்ல பாதி வயிறுதான். வெயில்ல வைக்காத. பறந்து எறங்குன சூட்டோட சார்ஜு போட்டுடாத. அவ்ளோதான்."

முதல் வருடம் அப்படியேதான் செய்தாள். பேட்டரிகளில் நகச்சாயத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, முறை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாள். வேலை இல்லாத வாரங்களில் பாதி சார்ஜில் நிறுத்தி, அலமாரியின் அடித்தட்டில் வைப்பாள். மகள் ஹனியா அதைப் பார்த்துச் சிரிப்பாள். "என்னியக்கூட இப்டி பாத்துக்கினதில்ல நீ!"

தவறு நடந்தது சித்திரையில். செய்யூர் சாலையில் பெரிய மனைப்பிரிவு ஒன்று, ஒரு நாள் முழுக்க வேலை. முந்தின நாளே மூன்றையும் நிறைய ஏற்றி வைத்தாள். காலையில் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது: நிலத்தின் மேல் ஏதோ வழக்காம், இப்போது வேண்டாம். அந்த எரிச்சலில் பையை அப்படியே பரணில் போட்டாள். மேலே சிமெண்டு அட்டைக் கூரை. அதே வாரம் ஹனியா பள்ளிக்கூடப் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கட்டு, ஆஸ்பத்திரி, மறுபடி கட்டு. அக்கினி நட்சத்திரம் முழுவதும் அந்தப் பை அங்கேயே கிடந்தது. ஆனி மாதம் இறக்கிப் பார்த்தபோது முதல் பேட்டரி பொரித்த அப்பளம்போல் உப்பியிருந்தது. தீப்பிடித்துவிடாமல் இருக்க அதை மணல் வாளியில் புதைத்தாள். மற்ற இரண்டும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் பறக்கவிட்டபோது முன்பு இருபத்தைந்து நிமிடம் தாங்கியது பதினைந்தைத் தாண்டவில்லை. அதைவிட மோசம், திரையில் காட்டுகிற எண்ணை நம்ப முடியவில்லை. ஒரு முறை, பதினாறு சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்தது, கண்ணிமைக்கும் நேரத்தில் நாலுக்குச் சரிந்து ஒரு வாழைத் தோட்டத்தில் இறங்கிவிட்டது.

"புதுசு ரெண்டு வாங்கிடு" என்றான் அப்பாஸ்.

"அடுத்த வேல வரட்டுங்க" என்றாள் அவள்.

வேலை வருவதற்குள் ஆடி வந்துவிட்டது.

ஆடி மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். கீழே கதவை யாரோ இரண்டு கையாலும் அறைந்தார்கள். மீனவக் குப்பத்து மாயவன், நனைந்த உடம்போடு, மூச்சு வாங்க நின்றான். வாரத்தில் நான்கு நாள் இந்தத் தெருவில் மீன் விற்கும் குப்பம்மாவின் மூத்த மகன் அவன்.

"தங்கச்சி, அந்த பறக்கறத எட்த்துக்கினு வா. தம்பி போட்டு கவுந்துடுச்சி."

விடியற்காலையில் மாயவனின் தம்பி லட்சுமணனும் தனகோடி என்பவரும் ஃபைபர் படகில் போயிருக்கிறார்கள். ஆலம்பரைக் கோட்டைக்கு எதிரே, உப்பங்கழி கடலோடு சேருகிற இடத்தில் அலை படகைப் புரட்டிவிட்டது. தனகோடி நீந்திக் கரைக்கு வந்துவிட்டார். லட்சுமணன் வரவில்லை. ஆறு படகுகள் தேடப் போயிருந்தன.

அப்பாஸின் பைக்கில் உட்கார்ந்து கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது குப்பமே அங்கே நின்றிருந்தது. மேற்கேயிருந்து காற்று முதுகில் தள்ளியது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற ஆடிக்காற்று. போகும்போது டிரோனைத் தூக்கிக்கொண்டு போகும், வரும்போது முகத்தில் அறையும் என்று சுராயா அப்போதே கணக்குப் போட்டாள்.

இரண்டாம் பேட்டரியைப் போட்டுத் தெற்கே தேடினாள். பத்து நிமிடம். அலையும் நுரையும்தான். இறங்கியபோது பேட்டரி கையில் சுட்டது.

"தெக்கால இல்லம்மா" என்றார் தனகோடி. அவருக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. யாரோ சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். "தண்ணி வடக்கால இழுக்குது. கேன் ஒண்ணு அவன் கையில மாட்டுச்சி, நான் பாத்தேன். அத்த புட்ச்சிக்கினு வடகெழக்கால போயிருப்பான்."

மூன்றாம் பேட்டரி. வடகிழக்கே போனாள். மெதுவாக, வலமும் இடமும் கேமராவைத் திருப்பியபடி. மாயவனும் குப்பம்மாவும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தாண்டியது. திரையின் மூலையில் நாற்பத்தெட்டு என்று எண் வந்தபோது சுராயா டிரோனைத் திருப்பினாள்.

"இன்னா தங்கச்சி, திருப்பற?"

"பேட்டரி பத்தாதுண்ணே."

"நாப்பத்தெட்டு கீதே! பாதி கீது. இன்னும் கொஞ்சம் போ."

"எதிர்காத்துண்ணே. வர்றதுக்கு ரெண்டு மடங்கு இழுக்கும். இந்த பேட்டரி வேற பழசு, காட்ற நம்பரு நெசமில்ல. திரும்பி வராது."

மாயவன் திரையை விட்டுக் கடலைப் பார்த்தான். டிரோன் காற்றோடு முட்டி முட்டி, ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கியது. இறங்கியபோது பத்தொன்பது சதவீதம் மீதி இருந்தது. அந்த எண்ணைக் கூட்டத்தில் பலர் பார்த்தார்கள். ஒருவர் வாய்விட்டே சொன்னார்: "இன்னும் இவ்ளோ மிச்சம் கீது. போயிருக்கலாம்."

சூட்டோடு சார்ஜர் ஏற்கவில்லை. பேட்டரியை ஈரத்துணிமேல் வைத்து ஆறவிட்டு, ஐஸ் டிப்போவின் பிளக்கில் சார்ஜரைச் சொருகினாள். பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிவதற்காக அத்தனை பேரும் காத்து நின்றார்கள். இரண்டாவது விளக்கு எரிந்தபோது மணி பத்தரை. அப்போது கடலிலிருந்து மாயவனின் கூட்டாளிகளுடைய படகு வந்தது. படகில் யாரும் கையை அசைக்கவில்லை. அதைப் பார்த்ததுமே குப்பம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

லட்சுமணன் ஒரு நீலக் கேனின் கயிற்றைக் கையில் சுற்றியபடி கிடைத்தான். படகில் போனவர்கள் சொன்ன இடத்தைச் சுராயா தன் போனில் குறித்துப் பார்த்தாள். அவள் திருப்பிய இடத்திலிருந்து எண்ணூறு மீட்டர்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், படகில் ஏற்றியபோது உயிர் போய் ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும் என்றாராம். அவள் டிரோனைத் திருப்பியபோது அவனுக்கு உயிர் இருந்திருக்கிறது.

மறுநாள் துக்கத்துக்குப் போனாள். அப்பாஸ் வாசலில் ஆண்களோடு நின்றுகொள்ள, அவள் மட்டும் உள்ளே போனாள். குப்பம்மா அவளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள்.

"ஒன் வண்டி போயிடும்னு எம்புள்ளய வுட்டுட்டியே, சுராயா."

வீட்டுக்கு வந்தும் அந்தச் சொல் காதைவிட்டுப் போகவில்லை. அநியாயம் என்று தோன்றியது. டிரோனைக் காப்பாற்றவா திரும்பினாள்? பேட்டரி செத்துவிடும் என்றுதானே திரும்பினாள்? அதை எப்படி இந்த ஊருக்குப் புரியவைப்பது? கடைத்தெருவில் பேச்சு வளர்ந்தது. அப்பாஸின் கடைக்கு வந்துகொண்டிருந்த குப்பத்துப் பிள்ளைகள் ரீசார்ஜுக்குக்கூட வேறு கடைக்குப் போனார்கள். ஹனியாவை ஒன்றுமில்லாததற்கெல்லாம் திட்டினாள்.

நான்காம் நாள் காலை, மூன்றாம் பேட்டரியை முழுதாக ஏற்றி எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போனாள். காலி மேட்டில் டிரோனை இடுப்பளவு உயரத்தில் நிறுத்தினாள். போனைக் கல்லில் சாய்த்து, ரிமோட்டின் திரையைப் படம்பிடிக்க வைத்தாள். எண்பது, எழுபது, அறுபது. பிசகில்லாமல் இறங்கியது. நாற்பத்தெட்டு வந்தபோது நேரத்தைக் குறித்துக்கொண்டாள். நாற்பது, முப்பது, இருபது. பதினேழில் கொஞ்சம் நின்றது. அடுத்த நொடி மூன்று. டிரோன் அலறியபடி தரையில் உட்கார்ந்தது. பேட்டரியை உருவப் பார்த்தால் வரவில்லை. உப்பி, கூட்டில் இறுகிக்கொண்டிருந்தது.

அவள் சொன்னது சரிதான். அந்தப் பத்தொன்பது பொய். இன்னும் நூறு மீட்டர் கூடுதலாகப் போயிருந்தாலும் கரைக்கு வந்திருக்காது. அப்பாஸ் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இத்த கொண்டுபோயி காட்டு. வாய மூடிக்குவானுங்க" என்றான்.

மாயவனிடமே காட்டினாள். அவன் கவிழ்ந்த படகின் இஞ்சினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கடைசி வரைக்கும் பார்த்தான். ஒருமுறை பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தான்.

"சரி தங்கச்சி. நீ சொன்னது நெசந்தான்."

நான்கு நாளில் முதல் முறையாகச் சுராயாவுக்கு மூச்சு முழுதாக வந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றான் மாயவன். "நாப்பத்தெட்டுல ஆரமிச்சி பதினேழு வர்ற வரைக்கும் எத்தினி நிமிசம்?"

"ஏழு, ஏழேகால்."

"திரும்பி வராட்டி போவுதுன்னு நேரா வுட்டிருந்தா எவ்ளோ தூரம் போயிருக்கும்? காத்து வேற பின்னால தள்ளுது."

அவள் அந்தக் கணக்கைப் போட்டதே இல்லை. கரையில் நின்றபோதும் போடவில்லை, இந்த நான்கு நாளிலும் போடவில்லை. போவதற்கு எவ்வளவு, வருவதற்கு எவ்வளவு என்றுதான் கை பழகியிருந்தது. வராமலே போகட்டும் என்று ஒரு வழி இருப்பதாக அவள் மனதுக்குத் தட்டவே இல்லை. பொய் சொல்ல வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு கிலோமீட்டர்ணே. மேலயும் போயிருக்கும்."

"கேனு தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும். நீலம். எடமும் ரிமோட்டுல பதிஞ்சிருக்கும். அப்பறம் அது கடல்ல வுழுந்திருக்கும்."

மாயவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான். "நானும் பக்கத்துலதான நின்னேன்" என்றான், இஞ்சினைப் பார்த்து. "வுழுந்தா வுழுவட்டும்னு எனக்கும் சொல்ல வர்ல."

ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தாள். அப்பாஸ் கடை வாசலிலேயே நின்றிருந்தான்.

"இன்னா சொன்னான்?"

"நான் சொன்னது சரின்னுட்டான்."

"அப்பறம் இன்னாத்துக்கு அழுவற?"

குப்பம்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள், ஆனால் அதுதான் நடந்தது என்று சுராயாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பேட்டரி சாகும் என்று பயந்ததற்குள்ளே, வண்டி போய்விடும் என்ற பயம்தான் இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. சித்திரையில் அந்தப் பையைப் பரணில் போடாமல், பாதி இறக்கி அலமாரியில் வைத்திருந்தால், அன்று திருப்பவே வேண்டியிருந்திருக்காது. அதை அப்பாஸிடம் சொன்னபோது, "கொழந்த கை ஒடிஞ்சி கெடந்தா, அதுல போயி பேட்டரியவா பாப்பாங்க?" என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அதைக் கேட்டும் அவள் மனசு ஆறவில்லை.

அந்த மாதமே இரண்டு புதுப் பேட்டரிகள் வாங்கினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்துப் பார்த்து, பாதியில் நிறுத்தி வைத்தாள். வானிலை எச்சரிக்கை வருகிற நாட்களில் மட்டும் காலையிலேயே நிறைய ஏற்றி, ஆபத்து நீங்கியதும் பறக்கவிட்டு மறுபடி பாதிக்கு இறக்குவாள். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. உப்பிப்போன மூன்றாம் பேட்டரியை, பழைய பேட்டரிகள் வாங்கிக்கொள்ளும் செங்கல்பட்டுக் கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தாள். குப்பத்தில் சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை. குப்பம்மா அந்தத் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள், இரண்டு படகுகள் நேரத்துக்குத் திரும்பவில்லை என்று குப்பத்துப் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. சுராயா பையோடு அப்பாஸின் பைக்கில் ஏறிக் கரைக்குப் போனாள். டிரோனின் இறக்கைகளை விரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு படகுகளும் தூரத்தில் தெரிந்துவிட்டன. பெண்கள் சாமியைக் கும்பிட்டார்கள். அவள் இறக்கைகளை மடக்கினாள்.

திரும்பி வருகிற வழியில் பைக்கின் பின்னாலிருந்து சொன்னாள்: "இந்த தபா நான் திருப்பியிருக்க மாட்டேங்க. போவட்டும்னு வுட்டிருப்பேன்."

அப்பாஸ் பைக்கின் வேகத்தைக் குறைத்தான்.

"அந்த நேரத்துல கையி இன்னா பண்ணும்னு இப்பவே எப்டி சொல்வ?"

மழை வலுத்தது. பை நனையாமல் இருக்கச் சுராயா அதை மடியில் இழுத்து, துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.