பஞ்சு வெச்ச டப்பா

சோப்புக்காரக்கா சோப்பே விக்கறதில்ல. அங்கதான் எல்லாமே கோணலாச்சு.

உண்மையில அவங்க பெரியாஸ்பத்திரி ஆளு. எக்ஸ்ரே ரூமைத் தாண்டி, பின்பக்கமா ஒரு ரூம் இருக்கு. எச்ஐவி இருக்கறவங்க மாசாமாசம் வந்து மாத்திரை வாங்கற இடம். வர முடியாதவங்களை, வராம நின்னுட்டவங்களைத் தேடிப் போறதுதான் அக்காவோட வேலை. ஆனா ஒரு வீட்டு வாசல்ல நின்னு "ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன்"னு சொன்னா தெருவே கழுத்தை நீட்டும்ல? அதுக்காகத்தான் தோள்ல ஒரு பை, பைக்குள்ள சோப்புத்தூள் பாக்கெட். அட்டையை அடியில பக்குவமா பிரிச்சு, தூளுக்கு நடுவுல மாத்திரை டப்பாவைப் புதைச்சு, திரும்ப ஒட்டிடுவாங்க. டப்பாவுக்குள்ள மேலாப்ல கொஞ்சம் பஞ்சு. இல்லேன்னா அது கலகலன்னு சத்தம் போட்டே காட்டிக் குடுத்துடும்.

பஞ்சு வெக்கிற வித்தையை அக்கா முதல்ல தனக்காகத்தான் கண்டுபிடிச்சாங்க. அவங்களும் மாத்திரை போடறவங்கதான். புருஷன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தப்போ அவங்க வயித்துல புள்ள. ஆஸ்பத்திரியில சொன்னதைக் கேட்டு ஒரு நாள் விடாம மாத்திரை போட்டாங்க. பொறந்த பொண்ணு ரத்தத்துல ஒண்ணுமே இல்ல! இப்போ அது ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல யாரையும் முன்னாடி விடறதில்ல. போன்ல அந்த போட்டோவைக் காட்டியே எத்தனையோ பேரை வழிக்குக் கொண்டு வந்திருக்காங்க.

தையக்காரப் பொண்ணையும் அப்படித்தான். வயித்துல முதல் புள்ள. அதுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையிலதான் நோய் இருக்கறது தெரிஞ்சுது. புருஷன் வெளியூர்ல பெயிண்ட் அடிக்கிறவன். அவனுக்கும் இருக்கு. ரெண்டு பேருக்கும் தெரியும், மாமியாருக்கு மட்டும் தெரியாது. மாமியார் அவளைத் தனியா வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. பாசம்தான், ஆனா மூச்சு முட்டற பாசம். அதனால மாத்திரை சோப்புத்தூளோட வீடு தேடி வந்துச்சு.

"ஏம்மா, உன் தூளுல நுரையே வரலியே?"ன்னு மாமியார் கேப்பாங்க.

"நுரை வந்தா துணியில சாயம் சீக்கிரம் வெளுத்துடும்மா"ன்னு அக்கா கூசாம அடிச்சு விடுவாங்க. அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்க முடியாம தலையைத் தையல் மெஷினுக்குள்ள கவுத்துக்குவா. "குடுங்க அத்தை, நான் கொட்டி வெக்கறேன்"னு பாக்கெட்டை வாங்கிக்குவா.

மாமியார் அந்தப் பக்கம் போனதும் அக்கா குசுகுசுன்னு கேப்பாங்க. "போடறியா?"

"தவறாம போடறேன்க்கா. உங்க பொண்ணு மாதிரி ஓடுமாக்கா?"

"ஓடும்டி. பிடிக்க முடியாம நீதான் மூச்சு வாங்கப் போற."

எதுத்த வீட்டம்மாவுக்குத் தெரு வெச்ச பேரு ரேடியோ. நிறுத்தற பொத்தான் கெட்டுப்போன ரேடியோ. "சோப்பு! எனக்கும் ஒரு பாக்கெட் குடேன்"னு அவங்க ஒருநாள் கூப்பிட்டாங்க.

"தீந்துபோச்சும்மா, அடுத்த தடவை."

அடுத்த தடவையும் தீந்துபோச்சு. பையில இருக்கறது இன்னொருத்தரோட உயிராச்சே, எப்படி எடுத்துக் குடுப்பாங்க? ஆனா சும்மா சோப்பு ரெண்டு பாக்கெட் கூட வெச்சிருந்தா போதும். அது அக்காவுக்குத் தோணவே இல்ல. பை கனம்னு ஒரு சாக்கு. நம்ம வேஷம் எவனுக்குத் தெரியப் போகுதுன்னு ஒரு தெனாவட்டு.

பக்கத்துத் தெருவுல முடி வெட்டறவர் ஒருத்தர் செத்துப்போனாரு. மாத்திரையைப் பாதியில விட்டவர். என்ன நோய்ன்னு அவரோட தம்பி குடிச்சுட்டு உளறிட்டான். துக்கம் விசாரிக்கப் போன ரேடியோ கண்ணுல மூலையில இருந்த அக்காவோட சோப்புத்தூள் பாக்கெட் பட்டுது. அவ்ளோதான்.

"நமக்கெல்லாம் தீந்துபோச்சுன்னாளே, இப்பப் புரியுதா? அவ எந்த வீட்டுப் படி ஏறுறாளோ, அந்த வீட்ல அது இருக்கு!"

இது எதுவும் தெரியாம அக்கா அடுத்த மாசம் வந்து நின்னாங்க. கதவு பாதிதான் தொறந்துச்சு.

"எங்களுக்கு சோப்பு வேணாம்." தெருவுக்கே கேக்கற மாதிரி சத்தமா சொன்னா அந்தப் பொண்ணு.

"என்ன கண்ணு…"

"வேணாம்னா வேணாம்! இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!" ஒரு கை வயித்து மேல இருந்துச்சு. உதடு மட்டும் சத்தமில்லாம அசைஞ்சுது. போயிடுங்கக்கா.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்க ஆலோசனை சொல்ற கவுன்சிலர் மேடம் முன்னாடி அந்தப் பாக்கெட்டை அப்படியே வெச்சாங்க. பொண்ணோட போன் அணைஞ்சு கிடந்துச்சு. புருஷன் எடுக்கவே இல்ல.

"நான் போனா அவளைத் தெருவுக்கே காட்டிக் குடுத்த மாதிரி மேடம். போகலேன்னா அந்தப் புள்ளைக்கு வந்துடும். நான் என்ன பண்ணட்டும்?"

அப்புறம்தான் அக்காவுக்குப் பொறி தட்டுச்சு. நெஜ சோப்பு! மூட்டை நெறைய வாங்கி, தலையில சுமந்துட்டுப் போய், தெருக்கோடியிலேர்ந்து ஒரு வீடு விடாம கதவைத் தட்டினாங்க. எல்லா வீட்டுப் படியும் ஏறிட்டா எந்த வீட்டைச் சொல்லுவாங்க? மூட்டைக்கு அடியில அந்த ஒரு பாக்கெட் மட்டும் தனியா இருந்துச்சு.

ரேடியோ உத்துப் பார்த்தாங்க. "ஓ, இப்ப மட்டும் சரக்கு வந்துடுச்சாக்கும்?"

"உங்களுக்காகவே கொண்டு வந்தேன்மா."

கையில பாக்கெட்டை வாங்கினதும் அவங்க குரல் கொஞ்சம் எறங்குச்சு. "எதுத்த வீட்டைத் தட்டாத, யாரும் இல்ல. பேச்சு அடங்கட்டும்னு மாமியாரம்மா மருமகளைக் கூட்டிட்டு அவ பொறந்த வீட்டுக்கே போயிட்டாங்க. எந்த ஊரோ, யாருக்குத் தெரியும்?"

அக்கா திரும்பிப் பார்த்தாங்க. கதவுல பூட்டு. ஜன்னல் வழியா தெரிஞ்ச தையல் மெஷின் மேல துணி போத்தியிருந்துச்சு.

புள்ள பொறந்தப்புறம்தான் அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தா. ஆம்பளப் புள்ள. பூ மாதிரி இருந்தான். அவன் குதிகால்ல ஊசியால குத்தி ரத்தச் சொட்டை அட்டையில எடுத்தாங்க. முடிவு வந்த அன்னைக்கு மேடம் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே அக்கா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அந்தப் பொண்ணு அழல. "அங்க போனதும் மாத்திரை தீந்துடுச்சுக்கா. யார்கிட்ட கேப்பேன்?" புள்ளையோட துணியை இழுத்து மூடினா. "நீங்க எல்லார் வீட்லயும் சோப்பு வித்தீங்களாம். தெருவுக்குத் திரும்பி வந்ததும் அந்த ரேடியோவே சொன்னாங்க. முன்னாடியே அப்படி வித்திருக்கக் கூடாதாக்கா?"

கோபமா கேட்டிருந்தா அக்கா தாங்கியிருப்பாங்க. அவ சும்மாதான் கேட்டா.

"மருந்து விடாம குடுத்தா இவனும் ஓடுவான்டி"ன்னாங்க அக்கா. அது பொய்யில்ல. ஆனா இந்தத் தடவை போட்டோ காட்டப் போனை எடுக்கவே இல்ல.

புள்ளைக்கான மாத்திரை டப்பாவைக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு பழக்கத்துல அதைக் காதுகிட்ட கொண்டு போய் ஆட்டிப் பார்த்தா. கலகலன்னு சத்தம். கேட்டுப் புள்ள கையைக் காலை உதைச்சுச் சிரிச்சான், கிலுகிலுப்பைன்னு நெனச்சுட்டான் போல.

அக்கா அந்த டப்பாவைத் திரும்ப வாங்கினாங்க. பைக்குள்ள கையை விட்டு, ஒரு துண்டு பஞ்சு எடுத்தாங்க.