ராஜராணி வீட்டில் இல்லாத பதினோரு நாள்

பசுபதிக்கு அமெரிக்காவில், எடிசன் ஊர்ப் பக்கத்துக் கடைகளில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலை. பொள்ளாச்சிக்காரர், ஐம்பதைத் தொடுகிற வயது. கம்ப்ரசரில் என்ன கோளாறு என்று வாசலில் நின்று சத்தம் கேட்டே சொல்லிவிடுவார். வீட்டிலிருக்கிற மனுஷியின் மனசுதான் அவருக்குப் பிடிபடாது.

அந்த மனுஷி யாழ்ப்பாணத்து ராஜராணி. ஆறு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. கல்யாணம் மட்டும் இல்லை. முதல் கல்யாணத்தில் பட்டவள், இன்னொரு கையெழுத்து வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வேலை பார்த்த தையல்கடையை மூடிவிட்டதால் இரண்டாயிரமாவது வருஷம் முழுக்கச் சம்பளமும் இல்லை.

மறு வருஷம் மார்ச்சில் அந்த வருஷத்து டாக்ஸ் எழுத பசுபதி வெங்கடாசலத்திடம் போனார். வாரநாளில் கம்ப்யூட்டர் கம்பெனி, சனிக்கிழமை பேஸ்மென்டில் நம் ஆட்களுக்கு டாக்ஸ். அதுதான் அவன் பிழைப்பு.

"கல்யாணம் ஆகலேன்னா ஜாயின்டா போட முடியாதுண்ணே. ஆனா அவங்கள உங்கள நம்பி இருக்கற டிபெண்டென்டா காட்டலாம், வரி கொறையும். அவங்களுக்கு இன்கம் இல்ல, செலவெல்லாம் நீங்கதான் பண்றீங்க. ஆனா வருஷம் பூரா உங்க வீட்லயே இருந்திருக்கணும்."

பசுபதிக்குப் பொய் வராது. "பதினோரு நாள் இல்லீங்க தம்பி. ஆகஸ்டுல சண்டை போட்டுட்டு கலிபோர்னியாவுல, சான் ஹோசேல அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

"விசிட்டா? இல்ல விட்டுட்டே போயிட்டாங்களா?"

"குக்கர் வெயிட்டை எடுத்துட்டுப் போயிட்டாளே!"

வெங்கடாசலம் பேனாவைக் கீழே வைத்தான். "வெயிட்டை மட்டுமா?"

"நான் பட்டினி கெடக்கோணும்னுதான்."

"திரும்பி வர்ற எண்ணத்தோட போயிருந்தா பரவால்லண்ணே, வீட்ல இருந்த மாதிரிதான். எதுக்கும் அவங்களையே கேட்டுடுங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டான். ஏழு மாதமாகப் பசுபதி தொண்டையிலேயே வைத்திருக்கும் கேள்வி அது. அவள் திரும்பி வந்த அன்று "வந்துட்டியா?" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மேலே கேட்டால், அதுவும் சரிதான் என்று மறுபடி பெட்டியைத் தூக்கிவிடுவாளோ என்று பயம்.

வீட்டில் ராஜராணி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டார்.

"போன ஆகஸ்டுல நீ ஒரேயடியாப் போனியா, திரும்பி வர்றதாப் போனியா? டாக்ஸ் எழுதறவன் கேட்டான்."

"டாக்ஸ்காரனுக்கோ இது தெரிய வேணும்?"

"எனக்குந்தான்."

முறைத்துவிட்டு உள்ளே போனவள், விமான டிக்கெட் ரசீதைக் கொண்டுவந்து நீட்டினாள். "பாருங்கோ. போகவும் வரவும் எடுத்த டிக்கெட்."

பசுபதிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"பூரிக்காதேங்கோ. போறதுக்கு மட்டும் எடுத்தா இதைவிட விலை கூட."

முகம் தொங்கிப்போய்த் தேதியைப் பார்த்தார். திரும்புகிற நாள் செப்டம்பர் பத்து என்றிருந்தது. "நீ ஆகஸ்டுலயே வந்துட்டியே?"

"மாத்தினனான். எழுபத்தைஞ்சு டொலர் கட்டி." ராஜராணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வராமல் எங்க போறது? ஒரு மாசம் உங்களைக் காயவிடத்தான் போனனான். பத்து நாளில நானே காய்ஞ்சு போனன். போதுமே?"

பசுபதி போனை எடுத்தார். "தம்பி, போட்டுருங்க. வர்ற எண்ணத்தோடதான் போயிருக்கா!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அந்த எழுபத்தைஞ்சையும் டாக்ஸில காட்டலாமோ எண்டு கேளுங்கோ!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

கேட்டார். முடியாதாம்.