பொரி மூட்டையில் போன ரோட்டார்

திண்டிவனம் கார் ஸ்டாண்டில் தேவநாதனைவிட நல்ல டிரைவர்கள் இருந்தார்கள். அவனைவிடப் பீற்றிக்கொள்கிறவன் ஒருவனும் இல்லை. எந்தக் கார் முரண்டு பிடித்தாலும் பானெட்டில் காதை வைத்து, "பெட்ரோல் வர்ல" என்றோ "பிளக்கு பூட்சி" என்றோ அடித்துச் சொல்வான். பாதி நாள் சரியாகவும் இருந்துவிடும். அப்புறம் ஆளைக் கையில் பிடிக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவனுக்கு முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை. கடைசியாக 1958ஆம் வருஷம், விழுப்புரம் பக்கத்துக் காணையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா சுப்பராயலு கறாரான ஆள். "கிளீனருங்க எல்லாம் டிரைவர்னு சொல்லிக்கினு வரானுங்க. கார ஓட்டியாந்து வாசல்ல நிறுத்தட்டும், அப்பால பொண்ண காட்றேன்" என்று தரகரிடம் சொல்லிவிட்டார். கார் முதலாளி பெரிய மனசு பண்ணி விஜயதசமியன்று காரைக் கொடுத்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. தேவநாதன் ஸ்பேனர்களைக் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி படத்தின் முன்னால் அடுக்கினான். கார்தான் வீட்டுக்குள் நுழையாது. அதன் உயிரையாவது பூஜையில் வைப்போம் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழன்று பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டாரைக் கழற்றினான். சந்தனம் குங்குமம் வைத்துப் பொரித் தட்டின் உச்சியில் உட்கார வைத்தான். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அவனும் தொடவில்லை.

விடிந்ததும் முகத்துக்குப் பவுடர் போடுகிற மும்முரத்தில் அதைச் சுத்தமாக மறந்தான். அவன் அம்மா முனியம்மாள் கற்பூரம் காட்டிவிட்டு, பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று மேலே இருந்ததைக் கவனிக்காமல் பொரியைத் துணியில் அப்படியே கவிழ்த்து மூட்டை கட்டினாள்.

தேவநாதன் செல்ப் ஸ்டார்ட்டரை இழுத்தான். எஞ்சின் ஜோராகச் சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் படுக்க வைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டியிருந்த முனியம்மாளையே ஹேண்டில் சுற்றவைத்தான். ஸ்பார்க் இல்லை.

"அந்த மூடிய தொறந்து பார்றா" என்றாள் அவள், மூச்சு வாங்க.

"கம்முனு இரும்மா. நேத்துதான் நானே தொறந்து தொடச்சேன். காயில் பூட்சி."

நல்ல நேரம் தாண்டிவிடும் என்று இருவரும் பஸ் ஏறினார்கள். காணையில் சுப்பராயலு தெருவை எட்டிப் பார்த்தார்.

"காரு எங்க?"

"எஞ்சின் சுத்துதுங்க, புடிக்க மாட்டேங்குது. காயில் பூட்சிங்க."

"ம்" என்றார். அந்த "ம்" நன்றாக இல்லை.

அப்போது பெண் அம்சவள்ளி, அவர்கள் கொண்டுவந்த பொரியைத் தட்டில் கொட்டி எடுத்து வந்தாள். பொரியின் மேல் பொட்டு வைத்த ரோட்டார். "மூட்டையில கெடந்துச்சி" என்று நீட்டினாள்.

"அது தாயத்து!" என்று பாய்ந்தாள் முனியம்மாள்.

தேவநாதன் ரோட்டாரைக் கையில் வாங்கினான். தாயத்து என்று தலையாட்டினால் போதும். ஆனால் அந்தப் பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. இதான் காரோட ரோட்டாரு. நான்தான் பூஜைக்கு கழட்டி வெச்சேன். மறந்துட்டு காயில் மேல பழி போட்டுட்டேன்."

சுப்பராயலு முகம் சுருங்கியது. "இதுகூட தெரியாத ஆளு டிரைவரா?"

அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பொய் சொல்லலியேப்பா" என்றாள் சிரிப்புக்கிடையே. "ஜல்தி போய் மாட்டிக்கினு வரச் சொல்லுங்க. நான் எங்கயும் போவல."

பொழுது சாயும்முன் வாசலில் கார் ஹாரன் அடித்தது. ரோட்டாரில் குங்குமம் லேசாக ஒட்டியிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் தேவநாதன் பீற்றிக்கொள்வதை விடவில்லை. வீட்டில் மட்டும் அது செல்லாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் அவனுக்குப் பொரி வைக்குமுன் அம்சவள்ளி தட்டுக்குள் கையை விட்டுத் துழாவுவாள். அவன் வாயைத் திறக்காமல் காத்திருப்பான்.