க்விலிம் சுடாத ஃபெசன்ட்

க்விலிம் சுட்ட ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழியை என் நாய் கவ்வி வந்தால் பாதி இறகுதான் வரும். மிச்சத்தை நான் புல்லிலிருந்து வழித்தெடுக்க வேண்டும். விழுந்த பறவைகளைப் பொறுக்குவது என் வேலை; சனிக்கிழமைதோறும் இவனால் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆள் கழிவுநீர் லாரி ஓட்டுபவன். வாரம் முழுக்க எங்கள் வேல்ஸ் மலைப் பண்ணைகளில் தனியாகக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருப்பான். வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். சனிக்கிழமை வேட்டைக் குழு ஒன்றுதான் அவன் நாலு மனிதர்களோடு நிற்கும் இடம்.

அவன் துப்பாக்கி கழிமுகத்து வாத்துக்காக அவன் அப்பன் வாங்கியது. இரட்டைக் குழலிலும் முழு சோக், அதாவது வாய் இறுக்கம். ரவை சிதறாமல் கொத்தாகப் போகும். எட்டாத உயரத்து வாத்துக்குச் சரி, மரத்தை உரசி வரும் ஃபெசன்ட்டுக்கு அநியாயம். போதாததற்குத் தோட்டாவும் பெரிய ரவை, கனத்த மருந்து.

குழுத் தலைவி எலூனெட் கசாப்புக் கடைக்காரி. பறவைகளை விற்பதும் அவள்தான். ஒரு சனிக்கிழமை பொங்கிவிட்டாள்.

"டேய், நான் கறி விக்கிறவ, கைமா விக்கிறவ இல்ல! சீசன் கடைசி நாள்ல இன்னொண்ண இப்படிச் சிதைச்சேன்னா, அடுத்த வருஷம் உனக்கு எடம் கெடையாது."

"துப்பாக்கி அப்படி, அக்கா..."

"ஆமா, அது தானா சுடுது!"

அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பார்க்கவே பாவமாக இருந்தது. பழைய இரும்புத் தகட்டில் சுண்ணாம்பு அடித்து, கிட்டத்தில் நின்று சுடச் சொன்னேன். ரவை மொத்தமும் சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் பதிந்தது.

"யோவ், இது வேட்டையா? பீரங்கியா?"

துப்பாக்கிப் பட்டறைக்குப் போய் வலது குழலின் வாயை மட்டும் தளர்த்தி வந்தான். இலேசான தோட்டாவும் வாங்கினான்.

"எதிர்ல வர்றப்போ தூரத்துல இடது, கிட்ட வந்தா வலது. இடதுக்குப் பின்விசை, வலதுக்கு முன்விசை. பின்விசையத்தான் முதல்ல இழுக்கணும். மறந்துராத" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

கடைசி நாள். சாயங்காலம்வரை அவன் பக்கம் ஒன்றும் வரவில்லை. பிறகு தூரத்தில் ஒரு ஃபெசன்ட் சேவல். பழக்க தோஷம், பாவி முன்விசையை இழுத்துவிட்டான்! தளர்ந்த வலது குழல் வீணாகச் சிதறியது. சேவல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உடனே தலைக்கு நேரே கொழுத்த பெட்டை ஒன்று, மரத்தை உரசிக்கொண்டு வந்தது. மிச்சமிருப்பது இறுக்கமான இடது குழல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்தால், துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, "போய்த் தொலை, மூதேவி!" என்று அதைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

"தூங்கிட்டியாப்பா?" என்று வரிசையில் நின்ற குழுவே சிரித்தது.

எல்லோரும் கொட்டகைக்குச் சூப்பு குடிக்கப் போனோம். அவன் மட்டும் வெளியே துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுகூட அடிக்காதவனுக்கு எடம் எங்க? நான் கெளம்பறேன்" என்றான், கூப்பிடப் போன என்னிடம். குரல் உடைந்திருந்தது.

எலூனெட் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"எங்கடா ஓடற? இறுக்கமான இடதுதான் மிச்சம், சுட்டா கைமாதான்னு நானும் பாத்தேன். ஊரே சிரிச்சும் சுடாம இருந்தியே, அந்த விரலுக்குத்தாண்டா எடம். அடுத்த வருஷமும் வந்து தொலை. சூப்பு ஆறுது!"

உள்ளே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தான். அன்றைக்கு வாய் ஓயாமல் பேசினான். அவனுக்கு இவ்வளவு பேச வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.