பல்லியைத் தொட்ட கை

காஞ்சிபுரத்தில் இருபது வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். கோயில் பார்க்க வருகிறவர்களை ஒவ்வொரு கோபுரத்தின் முன்னாலும் இறக்கிவிட்டு, அவர்கள் வெளியே வரும்வரை காத்திருப்பதுதான் வேலை. பத்தாவது வரை படித்தவன். யாராவது சரித்திரம் கேட்டால், எந்தக் கல்லைக் காட்டினாலும் "பல்லவர் காலம்" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. "வண்டிக்கு எஃப்.சி. எடுக்கிறியே மாமா, உன் வாய்க்கு எப்ப எடுக்கப் போற?" என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரும் அவர் மகளும் வண்டியில் ஏறினார்கள். ஏறும்போதே பெரியவர் சொல்லிவிட்டார்.

"பெருமாள் கோயில்ல அந்தப் பல்லியத் தொடணும் தம்பி. அதுக்குத்தேன் இம்புட்டுத் தூரம் வந்தது."

அவர் மனைவியின் தலையில் பல்லி விழுந்ததாம். மறுவாரமே அந்த அம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துபோனது. அன்றிலிருந்து படுக்கைதான். கோயிலுக்குள் கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் அந்தத் தோஷம் போகும் என்று சொல்வார்கள். வர முடியாதவர்களுக்கு, தொட்டு வந்தவரின் கை பட்டாலே போதும் என்றும் சொல்வார்கள். தொட்ட கையோடு ஊருக்குப் போய் மனைவியைத் தொட வேண்டும். பெரியவருக்கு வேறு நினைப்பே இல்லை.

மகள் செல்போனைப் பார்த்துப் போகவேண்டிய இடங்களை வாசித்தார். சிவன் கோயில், அம்மன் கோயில், பட்டுக்கடை, கடைசியில் பெருமாள் கோயில். சாயங்காலம் எழும்பூரில் ரயில் என்றும் சொன்னார். எல்லாக் கோயிலும் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். பெருமாள் கோயிலோ ஊரின் மறுகோடியில், சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறது. முதலில் அங்கே போய்விடலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். படித்தவர், போனைப் பார்த்துச் சொல்கிறார், நாம் ஏன் குறுக்கே பேசுவது என்று வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வழியில் எத்தனையோ முறை சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமியதோடு சரி.

பட்டுக்கடையின் ஏசியை விட்டு அவர்கள் வெளியே வரும்போது பதினொன்றேகால். ரோடு முழுக்கச் சென்னைக் கார்கள். ஒரகடம் கம்பெனி பஸ் ஒன்று திரும்ப முடியாமல் நடுவில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் பம்பைச் சத்தம். ஒரு தெருக்கோயில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். பூங்கரகத்தைத் தலையில் சுமந்தவர் மெல்ல நடந்து வர, வீட்டுக்கு வீடு பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நான் என்ஜினை நிறுத்திச் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றேன்.

"என்னண்ணே நிறுத்திட்டீங்க? அந்தா, பைக்கெல்லாம் ஓரமாப் போகுதே!" என்றார் மகள்.

"கரகம் வருதும்மா. அது போனப்புறம்தான் போவணும். குறுக்க வண்டி உட முடியாது."

"மணி ஆகுதுண்ணே!"

அதற்குள் பெரியவரும் இறங்கிக் கைகூப்பிவிட்டார். "ஆத்தா வாறப்ப முந்திப் போகச் சொல்றியாக்கும்? பேசாம இரு" என்று மகளை அதட்டினார். நடை சாத்தும் நேரம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா ஆட்டோ, சவாரிய வெச்சிக்கினு சாமி கும்புடுறியா? வா, அவங்களுக்கும் கூழு வாங்கிக் குடு."

பெரிய கோபுரத்தின் முன்னால் நாங்கள் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டேகால்.

"நாலு மணிக்கு வாங்கய்யா" என்றார் வாசலில் நின்றவர்.

பெரியவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் என் பக்கம் திரும்பினார். "இருபது வருசமா ஓட்டுறேன்னு சொன்னீகளே. காலையிலயே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நாலு மணிவரை இருந்தால் ரயில் போய்விடும். படுத்திருக்கும் அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒரு நாளைக்குத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

பெரியவர்தான் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நீங்க உள்ளூரு. எத்தனையோ வாட்டி தொட்டிருப்பீகள்ல?"

நான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. எங்கள் பாட்டன் காலத்தில் எங்கள் ஜனங்கள் எந்தக் கோயிலுக்குள்ளும் போக முடியாது. இப்போது யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் வாசலில் வண்டியோடு நின்றே எனக்குப் பழகிவிட்டது. இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். வாய் திறப்பதற்குள் அவர் என் வலது கையைப் பிடித்து, தன் உள்ளங்கையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். என் கையில் கிரீஸ் கறை இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும்வழியில் அந்தக் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டார். டீக்கடையில் இடது கையால் டம்ளரை வாங்கினார்.

"இன்னா பெருசு, கையில அடியா?" என்றார் டீ மாஸ்டர்.

"இல்லப்பா. வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

டீ மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவரைச் சென்னை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு, மகள் ஆட்டோவில் இருந்த பையை எடுக்க வந்தார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"அம்மா, நான் அதைத் தொட்டதே இல்லம்மா. உள்ளயே போனதில்ல."

"தெரியும்ணே. நீங்க முழிச்ச முழியிலயே தெரிஞ்சுபோச்சு."

"ஐயாகிட்ட வந்து சொல்லிடட்டுமா?"

"பேச வேண்டிய நேரத்துல பேசல. இப்பப் பேசி என்னத்துக்கு? சும்மா இருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் ஏறினார்.

பஸ் பின்னால் நகர்ந்து திரும்பியது. பெரியவர் ஜன்னலில் என்னைப் பார்த்து இடது கையை ஆட்டினார். வலது கை மடியில், துண்டுக்குள் இருந்தது. அவர் ஊர் போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிடும்.